108 வரும்வரை: வீட்டில் எல்லோரும் பழகிவைக்க வேண்டிய உயிர்காப்பு முதலுதவி

இதயம் நின்றபின் ஆக்சிஜன் இல்லாமல் மூளை தாக்குப்பிடிப்பது நான்கிலிருந்து ஆறு நிமிடம். அதைத் தாண்டினால் ஏற்படும் சேதம் பெரும்பாலும் மீளாது. 108-க்கு அழைத்து, முகவரி சொல்லி, வண்டி நெரிசலைக் கடந்து, ஊழியர்கள் மாடிப்படி ஏறி விழுந்தவர் பக்கத்தில் வந்து உட்காருவதற்குள் அந்த ஆறு நிமிடமும் ஓடிப்போயிருக்கும். ஓட்டுநர் எவ்வளவு விரட்டி வந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அதை மாற்ற முடிந்தவர், விழுந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர்தான். இதயம் திடீரென நின்றுபோவது பெரும்பாலும் வீட்டில் நடக்கிறது. ஆகவே அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பது மனைவி, மகன், மருமகள், எதிர்வீட்டுக்காரர்.

1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று எழுதினார்கள். அவர்களில் கூவன்ஹோவன் மருத்துவரே அல்ல, மின்பொறியாளர். இதற்குத் தேவை இரண்டு கைகள் மட்டுமே என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் நம் தெருக்களில் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் கேட்கும் குரல் "சோடா வாங்கிட்டு வா" என்பதாகவே இருக்கிறது.

இங்கே நெஞ்சு அழுத்தத்துக்கும் தொண்டை அடைப்புக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். இரண்டிலும் மருத்துவமனை போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாது. மற்ற பலவற்றில், எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்தாலே பாதிக் கெடுதலைத் தவிர்த்துவிடலாம்.

பத்து நொடியில் முடிவெடுப்பது

முதலில் உங்களுக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஈர மோட்டார், அறுந்த கம்பி, கிரைண்டர் பக்கத்தில் விழுந்திருந்தால் மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. தெருவில் அறுந்து கிடக்கும் மின்கம்பி என்றால் குச்சியால் தள்ளப் பார்க்காமல் தூர நின்று மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். சாலை என்றால் வண்டிகளை நிறுத்த ஒருவரை நிறுத்துங்கள்.

பிறகு இரண்டு தோளையும் பிடித்துத் தட்டி, காதருகே சத்தமாக: "அப்பா, கேக்குதா? கண்ணத் திறங்க!" அசைவில்லை என்றால், முகத்துக்கு அருகே குனிந்து நெஞ்சைப் பாருங்கள். பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நாடி பார்க்க முயல வேண்டாம். பயிற்சி இல்லாதவர் பதற்றத்தில் தம் விரலின் துடிப்பையே நாடி என்று நினைத்துவிடுவார்.

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் திறந்து, மீன் தரையில் கிடந்து வாயசைப்பதுபோல, குறட்டை அல்லது முனகல் சத்தத்தோடு, நீண்ட இடைவெளி விட்டு விட்டு மூச்சு இழுக்கும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று வீட்டார் நிம்மதியடைந்து காற்று வீச ஆரம்பிப்பார்கள். அது சுவாசம் அல்ல. மூளைத்தண்டு கடைசியாகத் தரும் உந்துதல். நுரையீரலுக்குப் பயன்படும் காற்று அதில் போவதில்லை. ஆகவே விதி இதுதான்: கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு அழுத்தத் தொடங்குங்கள். தவறாகக் கணித்துத் துடிக்கும் இதயத்தின் மேல் சிறிது நேரம் அழுத்திவிட்டாலும் பெரிய கேடு நேர்வது அரிது. நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால் நேர்வது மரணம்.

உதவி கேட்கும்போது "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவில் கத்தாதீர்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்வார் என்று நிற்பார்கள். ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை தம்பி, நீங்க 108-க்கு அடிங்க, ஸ்பீக்கர்ல போட்டு இங்கயே நில்லுங்க." தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் தரையில் வைத்துவிட்டு அழுத்திக்கொண்டே பேசலாம். மாவட்டம், ஊர், தெரு, எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் (ரேஷன் கடை எதிரே, அம்மன் கோவில் பின்புறம்) என்ற வரிசையில் சொல்லுங்கள். "மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறோம்" என்பதையும் சொல்லுங்கள். இன்னொருவர் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். வாசல் விளக்கு எரியட்டும், கேட் திறந்திருக்கட்டும், நாய் கட்டியிருக்கட்டும், அடுக்குமாடியானால் ஒருவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைத்திருக்கட்டும்.

அழுத்துவது எப்படி

ஆளைத் தரைக்கு இறக்குங்கள். இதில் பலர் தயங்குவார்கள். பெரியவரைக் கட்டிலிலிருந்து வெறுந்தரையில் போடுவதா என்று மனம் கூசும். ஆனால் பஞ்சு மெத்தையிலோ கயிற்றுக் கட்டிலிலோ அழுத்தினால், நீங்கள் கொடுக்கும் விசையில் ஒரு பகுதி மெத்தைக்குள் போய்விடும். தலையை ஒருவர் தாங்க, பெட்ஷீட்டோடு சேர்த்து இழுத்து இறக்கலாம். தூக்க வழியே இல்லை என்றால் மட்டும் கட்டிலிலேயே, இன்னும் ஆழமாக.

விழுந்தவரின் நெஞ்சுக்கு நேராக, ஒட்டி, மண்டியிடுங்கள். ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை, அதாவது மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள தடித்த சதையை, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வையுங்கள். இரண்டு மார்புக்காம்புகளுக்கும் நடுவே இடம் அமையும். இடப்பக்கம் அல்ல, நட்டநடு. மற்றொரு கையை அதன் மேல் வைத்து விரல்களைக் கோத்து, விரல்நுனிகளைச் சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள். விரல்கள் விலாவில் பதிந்தால் விசை சிதறி விலா எலும்பு முறியும். மிகவும் கீழே, வயிற்றுக்குழி தொடங்கும் இடத்தில் அழுத்தினால் கல்லீரல் காயப்படலாம்.

முழங்கையை மடக்காதீர்கள். தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வரவேண்டும். இடுப்பிலிருந்து முன்சாய்ந்து உடல் எடையை இறக்குங்கள். கைத்தசையால் அழுத்துபவர் ஒரு நிமிடத்தில் களைத்துவிடுவார்.

ஆழம் 5 சென்டிமீட்டர், அதிகபட்சம் 6. சாதாரணத் தீப்பெட்டியின் நீளம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். முதல்முறை பயிற்சிப் பொம்மையில் பழகுபவர் யாராக இருந்தாலும் "இவ்வளவா?" என்று அதிர்ச்சியடைவார். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அதாவது நொடிக்கு இரண்டுக்குச் சற்றே குறைவு.

எண்ணுவதற்கு ஒரு வழி. தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பத்து வரை சொற்கள் குறுகியவை. ஒரு சொல்லுக்கு ஒரு அழுத்தம் சரியாக விழும். பதினொண்ணு, பதினெட்டு, இருபத்திமூணு என்று போனால் சொல் நீண்டு வேகத்தை இழுத்துவிடும். ஆகவே பத்து வரை மூன்று முறை எண்ணுங்கள். ஒரு பத்து 5 முதல் 6 நொடியில் முடிந்தால் வேகம் சரி. சத்தமாக எண்ணுங்கள். பக்கத்தில் அடுத்து அழுத்தக் காத்திருப்பவருக்கும் அது தாளம் கொடுக்கும்.

ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதுமாக மேலே எழவேண்டும். கை நெஞ்சைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், ஆனால் எடை அதன்மேல் இருக்கக் கூடாது. இது பலர் கவனிக்காத பிழை. அழுத்தும்போது ரத்தம் மூளைக்குப் போகிறது. நெஞ்சு மேலெழும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்புகிறது, இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் நாளங்களுக்கும் அப்போதுதான் ஓட்டம் கிடைக்கிறது. களைத்தவர் தன்னையறியாமல் நெஞ்சின்மேல் சாய்ந்துகொள்வார். வெளியே பார்த்தால் அழுத்துவது போலிருக்கும், உள்ளே நிரம்ப ரத்தம் இருக்காது.

இடைவெளி விடுவதும் அதே அளவுக்குக் கெடுதல். கிணற்றடிக் கைப்பம்பில் சில அடி அடித்தபின்தான் தண்ணீர் வரத் தொடங்கும், நிறுத்தினால் இறங்கிவிடும். ரத்த அழுத்தமும் அப்படித்தான். பல அழுத்தங்களுக்குப் பிறகு ஏறும்; நிறுத்திய சில நொடிகளில் விழுந்துவிடும். "முழிச்சுட்டாரா பாரு" என்று ஒவ்வொரு அரை நிமிடமும் நிறுத்திப் பார்ப்பது, ஏறிய அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் கொட்டிவிடுவதற்குச் சமம். எதற்காக நிறுத்தினாலும் பத்து நொடியைத் தாண்டக் கூடாது.

முதல் சில அழுத்தங்களில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கலாம், கைக்கடியில் ஏதோ விட்டுக்கொடுப்பது தெரியும். விலாவோ குருத்தெலும்போ முறிந்திருக்கலாம். வயதானவர்களில் இது சாதாரணம். கை வைத்த இடம் சரிதானா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடருங்கள். எலும்பு ஆறும்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைப்பு தெரியாவிட்டாலும். அழுத்துபவர் உணர்வதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கிவிடும். மாறப்போகிறவர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுத் தயாராக இருந்தால் மாற்றம் ஐந்து நொடிக்குள் முடியும்.

பெண்கள் பொது இடத்தில் விழுந்தால் தொடத் தயங்கி நின்றுவிடுவது உலகெங்கும் காணப்படும் சிக்கல், நம் ஊரில் இன்னும் அதிகம். சேலையையோ சுடிதாரையோ விலக்கத் தேவையில்லை. துணியின் மேலேயே அழுத்தலாம். தாலிச் சரடையும் கனத்த சங்கிலியையும் தோள்பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும். பக்கத்தில் நிற்கும் பெண்களைச் சேலை பிடித்து மறைத்து நிற்கச் சொல்லுங்கள். தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் ஒரு நிமிடத்தில் அவருடைய உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதப் பழகியவர், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, ஒரு நொடிக்கு ஊதுங்கள். நெஞ்சு லேசாக எழுந்தால் போதும். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். பழகாதவருக்கு மூச்சு கொடுக்கும் கட்டாயம் இல்லை. இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் அமைப்பு 2017-ல் பொதுமக்களுக்கென வகுத்த வழிமுறையே இடைவிடாத நெஞ்சு அழுத்தம் மட்டும் என்பதுதான். ஆனால் நீரில் மூழ்கியவர், குழந்தைகள், தொண்டை அடைத்து மயங்கியவர் ஆகியோரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால்தான் இதயம் நின்றிருக்கும். அவர்களுக்கு மூச்சு முக்கியம். கிணற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ தூக்கியவரைத் தலைக்கு மேல் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வீண். பயிற்சி இருந்தால் மூச்சிலிருந்து தொடங்கி, பிறகு அழுத்துங்கள்.

எவ்வளவு நேரம்? அவர் அசைந்து சீராக மூச்சுவிடும்வரை, அல்லது 108 ஊழியர்கள் கையிலெடுக்கும்வரை, அல்லது உங்களால் இனி முடியாது என்னும்வரை. மூச்சு திரும்பி நினைவு திரும்பாமல் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் தரைநோக்கி இருக்கச் செய்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மறுபடியும் நிற்கலாம்.

பெட்டி கிடைத்தால்

விமான நிலையங்கள், பெரிய மால்கள், சில அலுவலக வளாகங்களில் இதயக் குறியும் மின்னல் குறியும் போட்ட ஏ.இ.டி. பெட்டி, அதாவது நின்ற இதயத்துக்குத் தேவைப்பட்டால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, சுவரில் மாட்டியிருக்கும். மூடியைத் திறந்து இயக்கினால் அதுவே பேசும். நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு ஒட்டுப்பட்டையை வலது காறையெலும்புக்குக் கீழும் மற்றொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்திலும் வெறுந்தோலில் ஒட்டுங்கள். ஒட்டும் நேரத்திலும் இன்னொருவர் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். அது சொல்லும்போது எல்லோரும் கையை எடுங்கள், பொத்தானை அமுக்குங்கள், அமுக்கிய அடுத்த நொடியே அழுத்தத்தைத் தொடருங்கள். தேவையில்லாதவருக்கு அந்தக் கருவி மின்னதிர்ச்சி கொடுக்காது. தவறாகப் பயன்படுத்திவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

குழந்தைகளுக்கு

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அழுத்தும் ஆழம் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 5 சென்டிமீட்டர். உடல் சிறிதானால் ஒரு கை போதும். ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைக்கு சுமார் 4 சென்டிமீட்டர். இரண்டு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களால் மார்புக்காம்புகளுக்கு நடுவே சற்றுக் கீழே அழுத்துங்கள். அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துங்கள். முன்பு இரண்டு விரல் நுனியால் அழுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் போதிய ஆழம் கிடைப்பதில்லை என்பதால் இப்போது கைவிட்டிருக்கிறார்கள். பழைய வகுப்பில் கற்றவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள். தலையைப் பின்னுக்கு அதிகம் சாய்க்காமல் நேராக வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடக்கும் அளவுக் காற்றை மட்டும் ஊதுங்கள்.

தொண்டை அடைத்துக்கொண்டால்

புரையேறுவது வேறு, அடைப்பது வேறு. புரையேறியவர் இருமுவார், கண் சிவக்கும், குரல் வரும். "யாரோ நெனைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம், தட்டாமல் இருமவிடுங்கள். இருமலைவிடச் சிறந்த வைத்தியம் அங்கே கிடையாது. அடைத்தவரிடம் சத்தம் இருக்காது. பேச முடியாது, இருமல் வெளியே வராது, கை தொண்டையைப் பிடிக்கும், உதடு நீலம் பாயும். பந்தியில் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போகிறவரைக் கவனியுங்கள். வாந்தி வருகிறதென்று நினைத்து வெட்கப்பட்டுத் தனியே போய் அங்கேயே விழுந்தவர்கள் உண்டு. "பேச முடியுதா?" என்று கேளுங்கள். தலையை மட்டும் ஆட்டினால் உடனே செயல்படுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். வாழைப்பழம் விழுங்கவைக்காதீர்கள்.

பக்கவாட்டில் நின்று ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, அவரை நன்றாக முன்னே குனியவையுங்கள். நிமிர்ந்து நிற்பவரின் முதுகில் அடித்தால் பொருள் இன்னும் உள்ளே இறங்கும். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஓங்கி ஐந்து அடி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வெளியே வந்ததா என்று பாருங்கள்.

வராவிட்டால் பின்னால் நின்று இரு கைகளாலும் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். ஒரு கையை முஷ்டியாக்கி, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே வையுங்கள். மற்றொரு கையால் முஷ்டியைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஒரே வெட்டில் இழுங்கள். ஐந்து முறை. மீண்டும் முதுகில் ஐந்து, வயிற்றில் ஐந்து, பொருள் வரும்வரை அல்லது அவர் துவளும்வரை. கர்ப்பிணிக்கும், கை சுற்ற முடியாத அளவு பருத்தவருக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்செலும்பின் நடுவில் இழுங்கள். துவண்டு விழுந்தால் தரையில் கிடத்தி நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள். மூச்சு கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் மேலே இருந்ததை நீங்களே கீழே தள்ளிவிடுவீர்கள்.

வயிற்றை இழுத்துக் காப்பாற்றப்பட்டவர், நன்றாக இருந்தாலும், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உள்ளுறுப்பு காயப்பட்டிருக்கலாம்.

கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் கூடாது. உங்கள் முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தாடையை விரல்களால் தாங்கி, கையைத் தொடையில் ஊன்றி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடியுங்கள். முதுகின் நடுவே ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பில் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேர்க்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, முழுத் திராட்சை, நாணயம், உடைந்த பலூன் துண்டு இவற்றைக் கீழே விடாதீர்கள். பலூன் ரப்பர் மூச்சுக்குழாயில் படலமாக ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

"வாயு" என்று தள்ளிப்போடும் நெஞ்சுவலி

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுகிறது, ஆள் பேசிக்கொண்டிருப்பார். அவர் நெஞ்சை அழுத்தக் கூடாது. நடுநெஞ்சில் கல் வைத்ததுபோல் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல். பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்து ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்கும் ஒரு மணி நேரம்தான் இதயத் தசை அதிகம் சாகும் நேரம். உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி ஓய்வாக வையுங்கள். மாடிப்படி இறங்கவைக்காதீர்கள், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றுப்புண் ரத்தக்கசிவோ பக்கவாத அறிகுறியோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். வீட்டில் 75 மில்லிகிராம் மாத்திரை இருந்தால் நான்கு. பாராசிட்டமால் இதற்கு உதவாது.

வாய் கோணல், ஒரு கை தொய்வு, பேச்சுக் குழறல் திடீரென வந்தால் அது பக்கவாதம். எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள், அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதலில் மருத்துவர் கேட்பதும் அந்த மணியைத்தான்.

ரத்தம், தீக்காயம், பாம்பு, வலிப்பு

ரத்தம் கொட்டினால் துவைத்த துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் நேரடியாக அழுத்துங்கள். நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் அப்பினால் மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் தையல் போட முடியும். குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். கை கால் நசுங்கி, பீய்ச்சும் ரத்தம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் இல்லாமல், அகலத் துணியால் கட்டி, குச்சி வைத்து முறுக்கி, கட்டிய மணியை எழுதிவையுங்கள். கயிறும் ஒயரும் சதையை வெட்டும்.

தீக்காயத்துக்கும் கொதிநீர்க் காயத்துக்கும் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். மேலோட்டமாகக் கழுவும் இரண்டு நிமிடம் போதாது. தோலுக்கு அடியில் தங்கிய சூடு தொடர்ந்து உள்ளே வேகவைத்துக்கொண்டிருக்கும். கோடையில் மத்தியானம் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர்தான் வரும். குடத்துத் தண்ணீரையோ கீழ்த்தொட்டித் தண்ணீரையோ குவளையால் மொண்டு ஊற்றுங்கள். பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, இங்க், தோசைமாவு எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், குழந்தையின் அரைஞாணைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள்.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கட்டு போட்டு அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு மொத்தமாக ஏறும். கண்ணாடி விரியன் கடியில் கட்டிய காலே அழுகலாம். கடிபட்ட காலை எலும்பு முறிவுபோல் அசையாமல் பட்டை வைத்துக் கட்டி, நடக்கவிடாமல், நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவரத் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணிமை தொங்கினால், கடித்தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள். அந்தக் கடி வலிப்பதில்லை.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்கும், சாவி நிறுத்தியதாக நாம் நினைக்கிறோம். பற்களுக்கு இடையே கரண்டி வைக்காதீர்கள், பிடித்து அமுக்காதீர்கள். தலைக்கடியில் துண்டு, சுற்றியுள்ள பொருள்களை அகற்றுவது, நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, கடிகாரம் பார்ப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108.

போலீஸ் தொல்லை வருமா?

சாலை விபத்தில் உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-லேயே சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134அ என்ற பிரிவாகவே அது வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், வரையறுத்த தொகைக்குள் இலவசம். பணம் யார் கட்டுவது என்று யோசித்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

கைக்குப் பழக்குவது

இதைப் படித்தவருக்கு விஷயம் தெரியும். ஆனால் 5 சென்டிமீட்டர் எவ்வளவு கனம் என்பது கைக்குத் தெரியாது. பொம்மையில் ஒருமுறையாவது அழுத்தியே ஆகவேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம், மருத்துவக் கல்லூரிகளின் மயக்கவியல் துறைகள், பெரிய மருத்துவமனைகள் பயிற்சி நடத்துகின்றன. சேருமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்? ஐந்தாறு பேருக்கு ஒன்று இருந்தால் போங்கள். நூறு பேரை உட்காரவைத்துப் படம் காட்டிச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்பில் கை எதையும் கற்காது. சரியான ஆழத்தில் "கிளிக்" என்று ஒலிக்கும் பொம்மை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொருவரும் முழு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் அழுத்திப் பார்க்கவேண்டும். உயிரோடிருப்பவர் நெஞ்சில் பழகிப் பார்க்காதீர்கள்.

கற்றது சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். சான்றிதழ் ஆண்டுக்கணக்கில் செல்லுபடியாகும், கை அவ்வளவு நாள் நினைவு வைத்திருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். சித்திரை முதல் நாளும் ஆயுத பூஜையும் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் வருகின்றன. அந்த இரண்டு நாளும் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். தடித்த தலையணையைத் தரையில் போட்டு ஆளுக்கு இரண்டு நிமிடம், பத்து வரை எண்ணி எண்ணி அழுத்துங்கள். ஆழத்துக்குத் தலையணை உதவாது. முழங்கை நிமிர்ந்திருக்கிறதா, வேகம் சரியா, ஆள் மாறும்போது எத்தனை நொடி போகிறது என்பதற்கு உதவும். பத்து வயதுப் பிள்ளைக்கு அழுத்தும் பலம் இருக்காது, ஆனால் 108-க்கு அழைத்து முகவரியை வரிசையாகச் சொல்ல முடியும். அதை அன்றைக்கு அவர்களிடம் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள், கதவு எண்ணிலிருந்து அல்லாமல் மாவட்டத்திலிருந்து தொடங்கி.